விரல் மருவுக்கும் நகக்கொப்புளத்துக்கும் மருந்துக்கடையில் கிடைப்பவை: எது காசுக்குத் தகும்?

விரலைக் காட்டி "இதுக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டால், தர்மபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும் மருந்துக்கடை மேசைக்கு வருவது அநேகமாக மூன்றில் ஒன்று. மரு பெயிண்ட் என்கிற சின்ன பாட்டில், அசைக்ளோவிர் என்கிற வைரஸ் மருந்து ட்யூப், இல்லையென்றால் சொறி, படை, சேற்றுப்புண் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போடும் கலவைக் களிம்பு. முதலாவது நல்ல சரக்கு, ஆனால் போடும் விதம் தெரியாவிட்டால் பாட்டில் பாதியிலேயே குப்பைக்குப் போகும். இரண்டாவது, விரலைப் பொறுத்தவரை தண்டச் செலவு. மூன்றாவதை வைரஸ் உள்ள இடத்தில் தொடவே கூடாது. இந்த மூன்றையும், கூடவே ஆஸ்பத்திரியில் செய்யும் குளிர் சிகிச்சை, சூட்டு சிகிச்சை, வீட்டு வைத்தியம் ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த வைரஸ் என்று தெரியாமல் எதையும் வாங்காதீர்கள்

விரலில் வரும் வைரஸ் தொற்றில் நம் பக்கம் அடிக்கடி பார்ப்பது மரு. பாலுண்ணி என்றும் சொல்வார்கள். காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ். மேல்தோலின் அடியடுக்குச் செல்களில் உட்கார்ந்துகொண்டு தோலைத் தடிக்க வைக்கும். ரத்தத்தில் கலக்காது, எலும்புவரை வேரும் விடாது. "வேரோடு எடுக்கணும்" என்பது பேச்சுக்குத்தான்; அப்படி ஒரு வேர் கிடையாது.

அடையாளம் சுலபம். மேற்பரப்பு சொரசொரவென்று இருக்கும். விரல்ரேகை மருவின் விளிம்போடு நின்றுபோகும், உள்ளே ஓடாது. மேலே லேசாகச் சுரண்டினால் கறுப்புப் புள்ளிகள் தெரியும்; அவை உறைந்துபோன நுண்ணிய ரத்தக்குழாய்கள். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கிற, பாலிஷ் போடுகிற கைகளில் வரும் காய்ப்பில் ரேகை குறுக்கே தொடர்ந்து ஓடும், கறுப்புப் புள்ளி இருக்காது. காய்ப்புக்கு மரு மருந்து வேண்டியதில்லை.

ஈரக் கைதான் இந்த வைரஸுக்கு வாசல். ஊறி வெளுத்த தோலில் சின்னக் கீறல் இருந்தாலே போதும். பட்டுநூல் எடுக்கும் வேலையில் நாள் முழுக்க வெந்நீரில் கிடக்கிற விரல்கள், மாம்பழக்கூழ் ஆலையில் சீசன் முழுக்க நனைகிற விரல்கள், ஒகேனக்கல்லில் மீன் ஆய்கிற கைகள் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மீன், இறைச்சி அறுப்பவர்கள் கையில் வருவதற்கென்றே ஏழாம் வகை என்று ஒரு தனி வைரஸ் வகை உண்டு. நகம் கடிப்பவர்களுக்கு நகத்தைச் சுற்றியே வரிசையாக வரும்.

இன்னொன்று ஹெர்பிஸ். உதட்டோரம் "காய்ச்சல் கொப்புளம்" வருகிறதே, அதே வைரஸ் விரல் நுனியில் இறங்கினால் நகச்சுற்று மாதிரியே தெரியும். இங்கேதான் தப்பு நடக்கிறது, அதைத் தனியாகப் பார்ப்போம். மூன்றாவது, ஆடு மாடு வழியாக வருவது.

மரு பெயிண்ட்: பாட்டிலில் என்ன இருக்கிறது

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். சாலிசிலிக் அமிலம் 16.7 சதவீதம், லாக்டிக் அமிலம் 16.7 சதவீதம், கொலோடியன் என்று இருந்தால் சரியான பொருள். கம்பெனி எதுவானாலும் சரக்கு ஒன்றுதான், விலை வித்தியாசத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சாலிசிலிக் அமிலம் தோல் செல்களை ஒட்டவைத்திருக்கும் பசையைத் தளர்த்தி, அடுக்கடுக்காக உரித்து எடுக்கிறது. லாக்டிக் அமிலம் அதற்குத் துணை. கொலோடியன் காய்ந்ததும் மெல்லிய படலமாகி அமிலத்தை அங்கேயே பிடித்து வைக்கிறது. அமிலம் நேரடியாக வைரஸைக் கொல்வதில்லை. வைரஸ் குடியிருக்கும் தோலை உரிக்கிறது, அந்த உறுத்தலில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் விழித்துக்கொள்கிறது. ஆகவே நாலு நாளில் பலன் கேட்பது நியாயமில்லை. முழுச் சிகிச்சைக்கு 12 வாரம்.

பெயிண்டின் பெரிய குறை மூடியோடு வரும் பிரஷ்தான். காலாணிக்குச் சரி, விரல் மருவுக்கு அது அகலம். மூன்று மில்லிமீட்டர் மருவில் போட்டால் சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் நல்ல தோலும் வெந்துபோகும். பிரஷை மறந்துவிடுங்கள். பல்குச்சியின் மொட்டை முனையிலோ தீக்குச்சியின் மருந்தில்லாத முனையிலோ ஒரு சொட்டு எடுத்து, மருவின் நடுவில் வையுங்கள். அதுவாகவே பரவி விளிம்பில் நிற்கும்.

போடுகிற முறை இப்படி. ராத்திரி படுக்கும் முன் விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்திலிருந்து பத்து நிமிடம் ஊறவிடுங்கள். ஊறியதும் மருவின் மேல் தோல் வெள்ளையாகப் பொதபொதவென்று ஆகும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஒரு ஷீட் வாங்கி தபால்தலை அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு ஒரு தடவைக்கு, தேய்த்ததும் குப்பையில். நகம் தேய்க்கும் அரத்தால் மருவையும் தேய்த்துவிட்டு அதையே நகத்துக்கும் போட்டால் மருவை நீங்களே நகக்கண்ணில் நட்டுவைத்த மாதிரி. ரத்தம் கசியும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. கறுப்புப் புள்ளி ஈரமாகத் தெரிந்தால் நிறுத்திவிட வேண்டும்.

பிறகு நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தின் மேல் போட்ட பெயிண்ட் ஒட்டாமல் தகடாக எழும்பிவிடும். சுற்றியுள்ள நல்ல தோலில் வாசலைன் ஒரு வளையமாகத் தடவுங்கள், மருவின் மேல் படக்கூடாது. ஒரு சொட்டு. வெள்ளைப் படலமாகக் காயும்வரை ஓரிரு நிமிடம். அதன் மேல் இன்னொரு சொட்டு. காய்ந்ததும் சாதாரணப் பிளாஸ்திரி. காலையில் எடுத்துவிடலாம். மறுநாள் பழைய படலத்தை உரித்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும். படலத்தின் மேல் படலமாகப் போட்டுக்கொண்டே போவதுதான் "மருந்து வேலை செய்யல" என்பவர்களில் பலர் செய்யும் காரியம்; அமிலம் பழைய படலத்தைத் தாண்டி உள்ளே போவதே இல்லை.

எரிச்சல் லேசாக இருந்தால் தொடரலாம். சிவந்து, தொட்டாலே வலி, தண்ணீர் வடிகிறது என்றால் இரண்டு மூன்று நாள் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். விட்ட நாளில் மரு திரும்பி வந்துவிடாது.

மூன்று, நான்கு வாரத்தில் மரு தட்டையாகிவிடும். இந்த இடத்தில்தான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். தட்டையானது போனதாகாது. நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் போன் கேமராவைப் பெரிதாக்கி, அந்த இடத்தைப் பாருங்கள். விரல்ரேகை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் முறியாமல் ஓட வேண்டும், கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. ரேகை நடுவில் தடைபட்டால் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதுவரை போடத்தான் வேண்டும்.

பாட்டிலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கொலோடியனில் ஈத்தர் இருக்கிறது, சட்டென்று தீப்பிடிக்கும். கேஸ் அடுப்பு, சாமி விளக்கு, கொசுவர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து போடாதீர்கள். மூடி சரியாகத் திருகாவிட்டால் ஈத்தர் ஆவியாகி மருந்து பாகுபோல இறுகும். இறுகியதில் அமில அளவும் கூடியிருக்கும். அதில் நெயில் பாலிஷ் ரிமூவரை ஊற்றிக் கரைத்துப் போடுவது வேண்டாத வேலை, புதுசு வாங்கிவிடுங்கள். வாங்கும்போதே பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். தண்ணீர் மாதிரி இல்லாவிட்டாலும் தடையில்லாமல் ஓட வேண்டும். சின்ன பாட்டில் ஒன்று, இரண்டு மூன்று மருவுக்கு முழுச் சிகிச்சைக்கும் போதும்.

யாருக்கு ஆகாது? இரண்டு வயதுக்குள் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். விரல் சூப்பும் குழந்தைக்கு எந்த வயதிலும் வேண்டாம், அமிலம் வாய்க்குள் போகும். சர்க்கரை நோயில் விரல் மரத்துப்போனவர்கள் டாக்டரிடம் காட்டாமல் போடக்கூடாது. வெந்தாலும் வலி தெரியாது. முகம், பிறப்புறுப்பு, மச்சம், முடி முளைத்த மரு இவற்றில் தொடவே கூடாது. நகத்துக்கு அடியில் புகுந்த மருவுக்கு பெயிண்ட் எட்டாது. வீணாக ஊற்றி நகத்தைத் தூக்கிவிட்டால் அடியில் சீழ் பிடிக்கும்.

சில கடைகளில் பெயிண்ட் இல்லையென்றால் ஆணிக்கால் பிளாஸ்திரியை நீட்டுவார்கள். அதில் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம்வரை இருக்கும். தடித்த உள்ளங்காலுக்குச் செய்தது அது. விரலில் அது நகர்ந்து நகர்ந்து நல்ல தோலைத் தின்றுவிடும். வாங்காதீர்கள்.

மொத்தத்தில் பெயிண்டுக்கு என் மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான், பொறுமை இருப்பவர்களுக்கு. குழந்தைகளுக்கு வலிக்காத மரு ஒன்றிரண்டு இருந்தால் எதையும் போடாமல் விடுவதும் ஒரு வைத்தியமே. குழந்தைகளின் மருவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே உதிர்ந்துவிடும். மாரியம்மன் கோயிலில் உப்பு மிளகு போட்டதும் மரு போய்விட்டது என்று பாட்டிமார் சொல்வது பொய்யில்லை. போகிற காலத்தில் போயிருக்கிறது. அந்த வேண்டுதலால் ஒரு கெடுதலும் இல்லை, விரலை வேகவைக்காது.

வேகவைக்கும் வைத்தியங்கள்

சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின் மேல் வைப்பது இன்னும் நடக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கடும் காரம். எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. விரல் முட்டியின் மேல் போட்டால் தோல் முழு ஆழத்துக்கு வெந்து, ஆறும்போது சுருங்கி விரல் மடங்காமல் போகலாம். எருக்கம்பால் தோலைப் புண்ணாக்கும், அதே கையால் கண்ணைத் தொட்டால் கருவிழியே பாதிக்கப்படும். முந்திரிக்கொட்டை எண்ணெய் கொப்புளம் எழுப்பும். அம்மான் பச்சரிசிப் பால் இவற்றைவிட மென்மை, ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்கு அளவே இல்லை. பிளேடால் சீவுவது எல்லாவற்றிலும் மோசம்: சீவிய கோட்டின் வழியே புது மரு வரிசை கட்டும். தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது கழுத்தில் தொங்கும் தோல் மருவுக்கான உத்தி; விரல் மருவுக்குக் காம்பே கிடையாது, எதைக் கட்டுவது?

குளிர் சிகிச்சையும் சூட்டு சிகிச்சையும்

பெயிண்ட் 12 வாரம் ஒழுங்காகப் போட்டும் போகவில்லை, அல்லது கையில் பத்து மரு இருக்கிறது என்றால் தோல் டாக்டரிடம் போக வேண்டும். தர்மபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-லேயே வந்துவிட்டது. கிருஷ்ணகிரிக்கு 2022 ஜனவரியில் திறந்த 11 கல்லூரிகளில் ஒன்று கிடைத்தது. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் தோல் நோய்ப் பிரிவு உண்டு, புறநோயாளிச் சீட்டு காலையில் போட வேண்டும். ஓசூர்க்காரர்கள் பெங்களூருக்கு ஓட வேண்டிய விஷயம் இல்லை இது.

குளிர் சிகிச்சை என்பது மைனஸ் 196 டிகிரியில் இருக்கும் திரவ நைட்ரஜனை மருவின் மேல் பீய்ச்சி உறைய வைப்பது. ஒரு மருவுக்குப் பத்து விநாடியிலிருந்து அரை நிமிடம்வரை. மருவைச் சுற்றி ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வெள்ளை வளையம் வரும்வரை அடிப்பார்கள். அன்று ராத்திரி தெறிக்கும். மறுநாள் கொப்புளம் வரும், சில சமயம் ரத்தக் கொப்புளம். பயப்பட வேண்டாம், குத்தி உடைக்கவும் வேண்டாம். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போக வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு தடவை. ஒரே தடவையில் போகவில்லை என்று டாக்டரைத் திட்டுவதில் பொருளில்லை. கையில் வரும் சாதாரண மருவுக்கு இது பெயிண்டைவிடக் கொஞ்சம் முன்னே நிற்கும். இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு: உறைய வைத்த புண் ஆறியதும் அடுத்த தடவைவரை வீட்டில் பெயிண்ட்.

நம் நிறத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. குளிர் சிகிச்சை நிறச் செல்களை எளிதில் கொன்றுவிடும், கறுத்த கையில் வெள்ளைத் தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், சிலருக்கு நிரந்தரமாகவே. கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. விரலின் பக்கவாட்டில் நரம்பு ஓடுகிறது, அங்கே அதிகம் அடித்தால் கொஞ்ச காலம் மரத்துப்போகும். குளிர்ந்தால் விரல் நீலமாகிறவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

சூட்டு சிகிச்சை, அதாவது மரக்கவைக்கும் ஊசி போட்டு மின்சாரத்தால் கருக்குவது, ஒரே அமர்வில் முடியும். அதனால் தனியார் கிளினிக்குகளில் இதையே முதலில் சொல்வார்கள். நகத்தின் அடிப்பகுதியை ஒட்டிய மருவுக்கு ஒப்புக்கொள்ளும் முன் யோசியுங்கள். நகம் விளைகிற இடம் கருகினால் வாழ்நாள் முழுக்க நகம் பிளந்தோ கோணலாகவோதான் வளரும். சுற்றியுள்ள தோலில் வைரஸ் மிச்சமிருந்தால் கருக்கிய இடத்தைச் சுற்றி வளையமாகத் திரும்பி வருவதும் உண்டு. கருக்கும் புகையிலும் வைரஸ் இருக்கும். புகை உறிஞ்சும் கருவியும் முகக்கவசமும் இல்லாமல் கருக்குகிற இடம் நல்ல இடமில்லை.

நிறைய மரு, நகச்சுற்று மரு என்று பிடிவாதமாக இருந்தால் எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா) தடுப்பூசி மருந்தையோ வைட்டமின் டி3-ஐயோ ஒரே ஒரு பெரிய மருவுக்குள் ஊசியாகப் போடும் முறை இப்போது தோல் டாக்டர்களிடம் பரவலாகிவிட்டது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிட்டு, ஊசி போடாத மருக்களையும் சேர்த்து உதிர்க்கும் உத்தி. வெட்டு இல்லை, தழும்பு இல்லை. நகம் முக்கியமானவர்கள் சூட்டுக்கு முன் இதைப் பற்றிக் கேட்கலாம். ஊசி வலிக்கும், அதை மறைப்பதற்கில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு ஒரே ஒரு விரலில், நகத்தை ஒட்டி, வருடக்கணக்கில் ஆறாத "மரு" இருந்தால் அதில் எந்த மருந்தும் போடாமல் ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். தோல் புற்றுநோய் இந்த வேடத்தில் வருவதுண்டு.

அசைக்ளோவிர்: ட்யூபா, மாத்திரையா

ஹெர்பிஸ் விரலுக்கு வந்தால் முதலில் ஓரிரு நாள் காந்தல், குறுகுறுப்பு, குத்தல். பிறகு சிவந்து வீங்கி, ஜவ்வரிசி அளவில் கொத்தாகக் கொப்புளம். முதலில் தெளிந்த நீர், பிறகு கலங்கிப்போகும். ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய கொப்புளமாகவும் ஆகும். அளவுக்குப் பொருந்தாத வலி இருக்கும், சிலருக்கு அக்குளில் நெறி கட்டும். பற்கள், வாய் சார்ந்த வேலை செய்யும் பல் டாக்டர்கள், நர்ஸ்கள், வாய்ப்புண்ணோடு விரல் சூப்பும் குழந்தைகள் இவர்களிடம் அதிகம்.

சாதாரண நகச்சுற்று பாக்டீரியாவால் வருவது. நகத்தின் ஒரு பக்கம் மட்டும் புடைத்து, மஞ்சள் சீழ் தெரிந்து, நாடித் துடிப்போடு விண்ணென்று தெறிக்கும். அதைக் கீறி சீழை விட்டால் அந்த நிமிடமே நிம்மதி. ஹெர்பிஸைக் கீறினால் சீழ் வராது. வருவது வைரஸ் நிறைந்த நீர். கீறிய வாய் வழியே பாக்டீரியா உள்ளே போகும், வைரஸ் பக்கத்துத் தோலுக்குப் பரவும், இரண்டு மூன்று வாரத்தில் தானாக ஆற வேண்டியது இன்னும் இழுக்கும். அதனால் கொத்துக் கொப்புளம் தெரிந்தால் யார் கத்தி எடுத்தாலும் "ஹெர்பிஸா இருக்குமா சார்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலைச் சொருகுவதும் இந்தக் கொப்புளத்துக்கு ஆகாது. வைரஸுக்கு ஒன்றும் ஆகாது, எரிவது உங்களுக்குத்தான்.

இனி ட்யூப். ஐந்து சதவீத அசைக்ளோவிர் கிரீம் மெல்லிய உதட்டுத் தோலிலேயே சுமாரான பலன்தான் தருகிறது. விரல் நுனியின் தடித்த தோலைத் தாண்டி அது உள்ளே போவது அரிது. ஐந்து கிராம் ட்யூபை ஒரு நாளைக்கு ஐந்து தடவை தடவி முடித்து, இரண்டு வாரம் கழித்து ஆறியதும் "கிரீம் நல்லா கேக்குது" என்பார்கள். கிரீம் இல்லாமலும் அதே கதியில்தான் ஆறியிருக்கும்.

பலன் தருவது மாத்திரை. பெரியவர்களுக்கு வழக்கமாக 400 மில்லிகிராம் தினம் மூன்று வேளை, ஏழிலிருந்து பத்து நாள் எழுதுவார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நாட்கள் குறையும். கொப்புளம் பொருக்குத் தட்டிய பிறகு ஆரம்பித்து லாபமில்லை. சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், எல்லோருமே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஆகவே டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கிப் போடும் மாத்திரை இல்லை இது. சீட்டு கையில் வந்ததும் மருந்தின் பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்திலோ 2025-ல் திறந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள். கம்பெனிப் பெயருக்குக் கொடுக்கும் காசு மிஞ்சும்.

ஆறும்வரை விரலைத் தளர்வான காஸ் துணியால் மூடி வையுங்கள், வலிக்குப் பாராசிட்டமால் போதும். கண்ணைக் கசக்காதீர்கள், காண்டாக்ட் லென்ஸ் வேண்டாம். பொருக்கு முழுதாகக் காயும்வரை தொற்றும். பச்சைக் குழந்தை இருக்கிற வீட்டில் இது விளையாட்டில்லை. பிறந்த குழந்தைக்கு ஹெர்பிஸ் தொற்றினால் மூளைவரை போய் உயிருக்கே ஆபத்து. சேனை தொட்டு வைக்கிறேன் என்று சர்க்கரைத் தண்ணீரை விரலால் நாக்கில் வைக்கும் வழக்கம் எப்படியும் வேண்டாம் என்றுதான் குழந்தை டாக்டர்கள் சொல்கிறார்கள். விரலில் கொப்புளமோ உதட்டில் காய்ச்சல் புண்ணோ உள்ள பெரியம்மா, அத்தை யாராக இருந்தாலும், மனத்தாங்கல் வந்தாலும் பரவாயில்லை, குழந்தையைத் தூக்க விடாதீர்கள்.

இந்த வைரஸ் நரம்பில் தங்கிவிடும். சிலருக்கு அதே விரலில் திரும்ப வரும், முதல் தடவை அளவுக்கு வலிக்காது. வருடத்தில் பலமுறை வந்தால் குறைந்த அளவு மாத்திரையைத் தொடர்ந்து தருவது உண்டு.

கலவைக் களிம்பு

க்ளோபெட்டசால் என்ற கடும் ஸ்டீராய்டோடு பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாட்டிக்கும் கலந்த ட்யூப். நமைச்சல் உடனே அடங்கும், அதுதான் அதன் வியாபார ரகசியம். ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்புச் சக்தியை அமுக்கிவிடுவதால் ஹெர்பிஸ் பரவும், மரு பெருகும். பூச்சு ஸ்டீராய்டுகளை 2018-லேயே டாக்டர் சீட்டு கேட்கும் பட்டியலில் சேர்த்தாயிற்று. கடையில் சீட்டு கேட்கிறார்களா என்பது வேறு விஷயம். பூஜ்யம் மதிப்பெண்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு

போச்சம்பள்ளி, குந்தாரப்பள்ளி சந்தைகளில் ஆடு பிடிக்கிறவர்கள், குட்டிக்கு வாய்ப்புண் வந்தபோது பாட்டிலில் பால் புகட்டியவர்கள் கையில் வருவது ஆர்ஃப். குட்டியின் உதட்டுப் பொருக்கிலிருந்து விரல் கீறலுக்குள் வரும் பாராபாக்ஸ் வகை வைரஸ். மூன்றிலிருந்து ஏழு நாளில் ஒரு சிவந்த புடைப்பு, பிறகு நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி வெள்ளை, அதைச் சுற்றி மறுபடி சிவப்பு என்று வளையம் வளையமாக நிற்கும். பிறகு நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, சுமார் ஆறு வாரத்தில் தழும்பில்லாமல் உதிரும். மாட்டின் காம்புப் புண்ணிலிருந்து கறப்பவர் விரலுக்கு வரும் முடிச்சும் இதற்குப் பங்காளி, போக்கும் அதேதான்.

இரண்டுக்கும் வாங்க வேண்டிய மருந்து எதுவுமே இல்லை. அசைக்ளோவிர் கேட்காது; ஆன்டிபயாட்டிக்கும் மேலே சீழ் பிடித்தால்தான். சோப்பு போட்டுக் கழுவி, உலர்த்தி, துணி சுற்றி, பொருக்கு உதிரும்வரை வேறு மாட்டில் கறக்காமல் இருந்தால் போதும். கட்டி என்று நினைத்து அறுத்துவிடுவதுதான் இதில் நடக்கும் கெடுதல். காம்பில் புண் உள்ள மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும், கையுறை போட்டால் இன்னும் நல்லது. மாட்டுக்கு வரும் தோல் கழலை நோய், பலர் பெரியம்மை என்று சொல்வது, மனிதர் கைக்கு வருவதில்லை. அதை நினைத்துப் பயப்பட வேண்டாம்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். திடீரென்று செத்த ஆட்டையோ மாட்டையோ உரித்த கையில், வலியே இல்லாமல் நடுவில் கரிபோலக் கறுத்த பொருக்கும் சுற்றிலும் பெரிய வீக்கமும் வந்தால் அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம். வைரஸ் இல்லை, பாக்டீரியா, உயிரைக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் போனால் ஆன்டிபயாட்டிக் கேட்கும். செத்த மாட்டைத் தொட்டதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

குழந்தைகளின் கை-கால்-வாய் நோய்

2022-ல் தக்காளிக் காய்ச்சல் என்று பத்திரிகைகள் அலறியதும் இந்த வகைதான். விரலிலும் உள்ளங்கையிலும் சாம்பல் நிறத்தில் நீள்வட்டக் கொப்புளம், வாயில் புண், ஒரு வாரம் பத்து நாளில் சரியாகிவிடும். களிம்பு எதுவும் வேண்டாம், தண்ணீர் ஆகாரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரு மாதம் கழித்து நகம் அடியிலிருந்து கழன்று வந்தால் பதறாதீர்கள். புது நகம் அடியில் வந்துகொண்டிருக்கும், மருந்துக்கடைக்காரர் தரும் பூஞ்சை மருந்தை வாங்காதீர்கள்.

சானிடைசர் போதுமா

ஹெர்பிஸுக்கு ஆல்கஹால் சானிடைசர் வேலை செய்யும், அதன் மேலுறை கொழுப்பாலானது. மரு வைரஸுக்கும் கை-கால்-வாய் வைரஸுக்கும் அந்த உறை இல்லை, ஆல்கஹால் சரியாகக் கேட்காது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான். வீட்டில் ஒருவருக்கு மரு இருந்தால் துண்டு, நகவெட்டி, ஷேவிங் பிளேடு தனித்தனியாக இருக்க வேண்டும். நகவெட்டி ஒன்று வாங்கப் பெரிய காசு ஆகாது, அதை முதலில் வாங்குங்கள்.